ஸ்பூக் எண்ட சொல்ல போர்டுல போடலாமா? இங்கிலிஷ் தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா சொல்லுங்க

உல்லைத்தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நான் அறுகம்பேல ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல ரிசெப்ஷன் பாக்கிற, சொந்த இடம் பொத்துவில். ஒக்டோபரோட நம்மட சீசன் முடியிற தானே, அதால 31ம் திகதி ஹலோவீன் அண்டைக்கு கடைசியா ஒரு நைட் வெப்பம் எண்டு முதலாளி சொன்னாரு. மீன் சுட்டு, கொத்து ரொட்டி போட்டு, பூசணிக்காய்க்குள்ள லைட் வெச்சு, வாசல்ல பெரிய போர்ட் ஒண்டும். கூட வேலை செய்யிற பொடியன் "ஸ்பூக் நைட்" எண்டு எழுதி, பக்கத்துல கறுப்புத் துணியில ஒரு பொம்மை தொங்கவிடுற மாதிரி டிசைனும் கீறிட்டான், வடிவாத்தான் இரிக்கி.

ஆனா இந்தச் சொல்ல நான் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரிக் கேட்டிரிக்கன். லாகுகல பக்கம் யானை பாக்கப் போய் வந்த ஆக்கள், ஜீப்ப கிட்டக் கொண்டு போக யானை "ஸ்பூக்ட்" ஆகிட்டு எண்டு சொன்னாங்க, அங்க பேய் எங்க வந்த? மறுகா ஒரு நாள் நாலஞ்சு பேர் சாப்பிட்டுக்கிட்டு இரிக்கக்குள்ள, தன்ட வேலை என்னெண்டு யாருக்கும் சொல்லாத ஒரு மனிசனப் பத்தி "அவர் ஸ்பூக்கா இருக்கும்" எண்டு கதைச்சாங்க, அதுவும் பேய் இல்ல எண்டு விளங்கின. போன்ல டிக்‌ஷனரி பாத்தா பேய், ஆவி எண்டு போட்டுட்டு கீழ கடைசி அர்த்தத்துக்குப் பக்கத்துல மட்டும் "ஒஃபென்சிவ்" எண்டு இரிக்கி, விவரம் ஒண்டும் இல்ல. நம்மட இடத்துக்கு எல்லா நாட்டு ஆக்களும் வாற, கறுப்பின அமெரிக்க ஆக்களும் குடும்பமா வந்து தங்குற. ஒருத்தரும் மனம் நோகக்கூடாது. போர்டுக்கு பெயின்ட் அடிக்க முன்னம் தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

கல்முனை டீச்சர்:

தம்பி, எழுத முன்னம் கேட்டது சரியான நல்ல விசயம். நான் ஏ.எல் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிற, இந்தச் சொல்லு வகுப்புலயும் வந்திரிக்கி.

அடி அர்த்தம் பேய்தான். ஆனா "கோஸ்ட்" எண்டுறது எல்லா இடத்துக்கும் பொதுவான சொல்லு, கதையில எழுதலாம், கட்டுரையில எழுதலாம், ஆராய்ச்சியிலயும் எழுதலாம். "ஸ்பூக்" அப்படி இல்ல, அது பேச்சு வழக்கு, கொஞ்சம் விளையாட்டுத்தனமும் சேர்ந்தது, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லுற பேய்க்கதை, பொம்மைப் பேய், அந்த மாதிரி. செத்த வீட்டுல துக்கத்தோட இருக்கிற ஒருத்தர்ட்ட போய் அவங்கட தகப்பன்ட ஆவியப் பத்தி இந்தச் சொல்லுல கதைச்சா அது மரியாதை இல்ல. இங்கிலிஷுக்கு இது வந்தது டச்சுல இருந்து, 1801 அளவுல அமெரிக்காவுலதான் முதல் எழுத்துல காணுது. பொறகு 19ம் நூற்றாண்டு நடுவுல "ஸ்பூக்கி" எண்டு பெயரடை வந்த. இண்டைக்கு ஆக்கள் கூடப் பாவிக்கிறது இந்த "ஸ்பூக்கி"தான். ஆள் இல்லாத வீடு, இருட்டு ரோட்டு, நீங்க மனசுல நெனச்ச ஆளே அந்த நேரம் பார்த்து கோல் எடுக்கிறது, எல்லாம் ஸ்பூக்கி. பயம் முழுசா இல்ல, முதுகு சில்லிடுற மாதிரி ஒரு உணர்வு.

வினையா வந்தா வெருட்டுற எண்டு அர்த்தம். அதுவும் அடிச்சு மிரட்டுறது இல்ல, திடுக்கிட வெச்சு கலைச்சு விடுறது. குதிரை, மாடு, மான், யானை எல்லாத்துக்கும் இதச் சொல்லுவாங்க. பேப்பர்ல "மார்க்கட் ஸ்பூக்ட்" எண்டு வரும், ஏதோ ஒரு செய்திக்கு முதல் போட்டவங்க கலங்கி பங்குகள விக்க வெளிக்கிட்டாங்க எண்டு விளங்கணும். நீங்க கேட்ட யானைக் கதை அதுதான்.

மற்ற ஆள், அந்த வேலை சொல்லாதவர், அது உளவாளி. அதையும் அந்த ஒஃபென்சிவ் விசயத்தையும் வேற யாரும் கூடத் தெரிஞ்சவங்க சொல்லட்டும், எனக்கு பேப்பர் திருத்த இரிக்கி, ராவைக்கு வாறன்.

களுவாஞ்சிக்குடி–ரொட்டர்டாம்:

டீச்சர் டச்சு எண்டு சொன்ன உடனே எழுதாம இருக்க ஏலல்ல. நான் இஞ்ச நெதர்லாந்துல கன வருசமா இருக்கிற. இஞ்ச அந்தச் சொல்ல "ஸ்போக்" எண்டுதான் சொல்லுற, எழுத்து அதே எழுத்துத்தான் ஆனா ஓகாரம். பேய் எண்டதுக்கு இதுதான் சாதாரணமான சொல்லு, ஒரு கெட்ட அர்த்தமும் இல்ல. களியாட்ட மைதானத்துல இருக்கிற பேய் வீடு "ஸ்போக்ஹௌஸ்". ஹைவேல எதிர்ப்பக்கமா பிழையான திசையில வாகனம் ஓட்டிக்கிட்டு வாறவனுக்கு "ஸ்போக்ரைடர்" எண்டு பேர், ரேடியோல பாட்ட நிப்பாட்டிப் போட்டு இந்த ரோட்டுல ஸ்போக்ரைடர் வாறான் கவனம் எண்டு அறிவிப்பாங்க, முதல் தடவை கேக்கக்குள்ள எனக்கு உண்மையாவே நெஞ்சு இடிச்ச. தென்னாபிரிக்காவுல டச்சுல இருந்து வந்த ஆஃப்ரிக்கான்ஸ் பாஷையில பஞ்சு முட்டாய்க்கு "ஸ்போக்ஆசெம்", பேய்ட மூச்சு எண்டு அர்த்தம். எவ்வளவு வடிவான பேர் பாருங்க.

எனக்கு இதுல பெரிய ஆச்சரியம் என்னெண்டா உலாந்தாக்காரன், அதான் டச்சுக்காரன், நம்மட ஊருக்கும்தானே வந்தவன். ஸ்பில்பேர்கன் எண்ட கப்பல் தலைவன் 1602ல மட்டக்களப்புக் கரையிலதான் வந்து இறங்கின, பொறகு 1638ல உலாந்தாப் படை புளியந்தீவுக் கோட்டைய போர்த்துக்கேயர்ட்ட இருந்து பிடிச்ச. அவங்க விட்டுட்டுப் போன சொல்லுகள நாம இண்டைக்கும் பாவிக்கிற, கந்தோர் எண்டுறம், கக்கூஸ் எண்டுறம், துட்டு எண்டுறம், எல்லாம் டச்சு. ஆனா அவங்கட பேய் நமக்கு வரல்ல, நமக்கு அது தேவையும் இல்ல, நம்மட்ட ஏற்கனவே போதுமான பேய் இரிக்கி. அமெரிக்காவுல டச்சுக் குடியேற்றம் இருந்தது இப்ப நியூயோர்க் இருக்கிற பக்கம், அங்கால இருந்துதான் அமெரிக்க இங்கிலிஷுக்குள்ள இந்தச் சொல்லு போச்சு. அதே வழியாலதான் "பாஸ்"ம் "குக்கி"யும் போன. ஆட்டோக்காரத் தம்பி "பாஸ் எங்க போகணும்" எண்டு கேக்கிறானே, அதுவும் டச்சு "பாஸ்"தான், கோட்டையால வராம அமெரிக்காவச் சுத்தி வந்திரிக்கி.

அக்கரைப்பற்று ராத்தா, நியூ ஜேர்சி:

தம்பி, அந்த ஒஃபென்சிவ் எண்டு போட்ட அர்த்தம்தான் உங்களுக்கு முக்கியம், நான் சொல்றன். நான் இஞ்ச முதியோர் பராமரிப்பு இல்லத்துல வேலை செய்யிற, கறுப்பின ஆக்கள் கூட உள்ள இடம், கூட வேலை செய்றவங்களும் அவங்கதான், அதால இத நான் வாயால லேசாச் சொல்ல மாட்டன்.

கறுப்பின மனிசர இழிவாக் குறிக்க இந்தச் சொல்ல அமெரிக்காவுல வெள்ளையர் பாவிச்சிரிக்காங்க. 1940கள்ல இது நல்லாப் பரவின வசைச்சொல்லு. அந்தக் காலம் கறுப்பின ஆக்கள் வேற பஸ் சீட்டு, வேற பள்ளிக்கூடம், வேற தண்ணிக் குழாய் எண்டு பிரிச்சு வெச்சிருந்த காலம், ஒரு மனிசனப் பார்த்து நீ மனிசனே இல்ல எண்டு சொல்றதுக்குச் சமம் அது. இரண்டாம் உலக யுத்தத்துல அலபாமாவுல டஸ்கீகி எண்ட இடத்துல பயிற்சி எடுத்த கறுப்பின விமானிகள் இரிக்காங்க, அமெரிக்க ராணுவத்துல முதன்முதல் கறுப்பின போர் விமானிகள் அவங்கதான். அவங்க அந்த வசைச்சொல்லையே எடுத்து, "லுஃப்ட்வாஃபே" எண்ட ஜெர்மன் விமானப்படைட பேரோட ஒட்டி "ஸ்பூக்வாஃபே" எண்டு தங்களத் தாங்களே கூப்பிட்டுக்கிட்டாங்க. அது அவங்கட உரிமை, அவங்கட தைரியம். வேற ஒருத்தருக்கு அந்த உரிமை இல்ல.

இப்ப இருக்கிற இளம் பிள்ளைகள் கனபேருக்கு இந்த அர்த்தம் தெரியாது, அவங்களுக்கு ஸ்பூக் எண்டா பேய் மட்டும்தான். ஆனா எழுவது எம்பது வயசு தாண்டின ஆக்களுக்கு காதுல விழுந்த உடனே முகம் மாறும். உங்கட கெஸ்ட் ஹவுஸுக்கு குடும்பமா வாறாங்க எண்டு சொன்னீங்களே, பேரப்பிள்ளையோட ஒரு பாட்டியும் வரலாம். வாசல்ல "ஸ்பூக்" எண்டு எழுதி பக்கத்துல கறுப்புத் துணிப் பொம்மை தொங்கினா அவ என்ன நெனப்பா? அதுவும் தொங்குற பொம்மை. அமெரிக்காவுல கறுப்பின மனிசர மரத்துல கட்டித் தூக்கிக் கொலை செஞ்ச சரித்திரம் இரிக்கி, அத நேர்ல பாத்த தலைமுறை இன்னும் முழுசா முடியல்ல. அந்தப் பொம்மைய தயவுசெய்து எடுத்திருங்க, எழுத்த மாத்தினாலும் மாத்தாட்டியும் பொம்மைய எடுங்க. அந்தப் பொடியன் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமத்தான் கீறியிருப்பான், அவனுக்கு அன்பா விளங்கப்படுத்துங்க.

"ஸ்பூக்கி" பரவால்ல, அது அண்டாடம் எல்லாரும் பாவிக்கிறது, இஞ்ச ஒக்டோபர் முழுக்க கடையில எல்லாம் "ஸ்பூக்கி சீசன்" எண்டுதான் எழுதியிருக்கும். "ஸ்பூக்" எண்ட பெயர்ச்சொல்ல ஆக்களக் குறிக்கிற மாதிரி எழுதுறதுதான் ஆபத்து. அதே மாதிரி கெஸ்ட் ஒருத்தரப் பாத்து பகிடியாக்கூட அப்படிச் சொல்ல வேணாம் எண்டு உங்கட ஸ்டாஃப் எல்லாருக்கும் சொல்லி வைங்க.

படுவான்கரையான்:

நான் வெல்லாவெளிப் பக்கம், வயலும் பட்டியும்தான் தொழில். இங்கிலிஷ் எனக்குப் பெரிசா வராது ஆனா டீச்சர் எழுதினத வாசிச்ச உடனே ஒரு விசயம் தோணின. யானை "ஸ்பூக்ட்" எண்டதுக்கு நம்மட்ட அச்சொட்டா வெருளுற எண்ட சொல்லு இரிக்கி. மாடு வெருளும், எருமை வெருளும், ஒண்டு வெருண்டா பட்டி முழுக்க கலையும், அதுக்குப் பொறகு பொழுதுபடுமட்டும் தேடித் திரியணும். குருவி கலைக்க வயலுக்குள்ள கட்டுறதும் வெருளி. இதுல பேய் இல்ல, ஆனா வெருளுறவனுக்கு அது பேயாத்தான் தெரியும், அதால இங்கிலிஷ்காரனும் பேய்ச் சொல்லையே வினையா ஆக்கியிருப்பான் எண்டு நான் விளங்கிக்கிட்டன்.

நம்மட பேயும் சும்மா இல்ல. ஏமாத்துறதுக்கு பேய்க்காட்டுற எண்டுறம், புத்தி இல்லாதவனுக்கு பேயன், அடிச்சு ஊத்தினா பேய்மழை, கறிக்கு ஆகாம கசக்கிறதுக்கு பேய்ச்சுரை. அப்ப ஒரு சொல்லு பேயில தொடங்கி பத்து இடத்துக்குப் போறது நமக்குப் புதுசு இல்ல.

அந்த உளவாளி விசயம். 2011 ஆகஸ்ட்ல கிறீஸ் பூதம் எண்டு ஒரு பயம் நாடு முழுக்க வந்திச்சே, தம்பிட பொத்துவில்லயும் நல்லா ஆடின. பொழுதுபட்டா பொம்புளையள் கதவப் பூட்டிட்டு உள்ள, பொடியனுகள் தடியோட சந்தியில காவல், சில இடத்துல படையாக்களோட மோதலும் வந்த. பேர் என்னமோ பூதம்தான், ஆனா அது மனிசன் எண்டு தெரியாத ஒருத்தரும் ஊருக்குள்ள இருக்கல்ல, மறைஞ்சு வாற, யார் அனுப்பினது எண்டு தெரியாத மனிசன். அதுக்கு நாம வெச்ச பேர் பூதம். அமெரிக்காக்காரன் தன்ட உளவாளிக்கு பேய்ப் பேர் வெச்சதும் இதே காரணமா இருக்கணும். அதுக்கு முன்னம் சுத்திவளைப்புக் காலத்துல முகத்த மூடிக்கிட்டு இருந்து ஆளக் காட்டிக் குடுத்த தலையாட்டிய பாத்த ஆக்களுக்கு இது இன்னும் நல்லா விளங்கும். அதால தம்பி, வெளிநாட்டுக்காரர் மேசையில இருந்து சிரிச்சுக் கதைச்சாலும் நம்மட இடத்துல ஒரு மனிசனப் பத்தி அப்படிச் சொல்றது சின்ன விசயம் இல்ல. அந்தக் கதைய நீங்க வெளிய கொண்டு போகாதீங்க.

களுவாஞ்சிக்குடி–ரொட்டர்டாம்:

அண்ணன் சொன்னது சரி. உளவாளி எண்ட அர்த்தம் 1942 அளவுல இருந்து இங்கிலிஷ்ல இரிக்கி, யுத்த காலம் தானே. இப்பவும் அமெரிக்க சி.ஐ.ஏ. ஆக்கள, இங்கிலாந்து உளவுக்காரர பேப்பர்காரரே "ஸ்பூக்ஸ்" எண்டு எழுதுவாங்க, அது வசை இல்ல, பட்டப்பேர் மாதிரி. வியட்நாம் யுத்தத்துல ராவுல பறந்து பக்கவாட்டுல துவக்கால சுடுற ஏ.சி-47 எண்ட விமானத்துக்கு ரேடியோவுல கூப்பிடுற பேரே "ஸ்பூக்கி". அப்ப ஸ்பூக்கியும் எல்லா நேரமும் விளையாட்டுச் சொல்லு இல்ல.

வந்தாறுமூலை கெம்பஸ்:

நான் பிசிக்ஸ் செய்யிற, எனக்கு இந்தச் சொல்லு தெரிய வந்ததே ஐன்ஸ்டீனாலதான், ஒருத்தரும் சொல்லல்ல எண்டதால எழுதுறன். குவாண்டம் பிசிக்ஸ்ல பிணைஞ்ச ரெண்டு துகள் எவ்வளவு தூரத்துல இருந்தாலும் ஒண்ட அளந்தா மற்றதுட முடிவும் அதோட பொருந்தி வாறது அவருக்குப் பிடிக்கல்ல, 1947ல மக்ஸ் போர்னுக்கு எழுதின கடிதத்துல அத ஜெர்மன்ல "ஷ்பூக்ஹாஃப்ட்" எண்டு எழுதின, பேய்த்தனமான எண்டு அர்த்தம். இங்கிலிஷ்ல அது "ஸ்பூக்கி அக்‌ஷன் அட் எ டிஸ்டன்ஸ்" ஆகி உலகம் முழுக்கப் பரவிட்டு. பொறகு பரிசோதனை செஞ்சு பாக்க துகள்கள் அவருக்குப் பிடிக்காத அந்த மாதிரியே நடந்த, அந்த வேலைக்காக 2022ல அஸ்பே, கிளவ்சர், சைலிங்கர் மூணு பேருக்கும் நோபல் பரிசு கிடைச்ச. ஜெர்மன் சொல்லும் டச்சு சொல்லும் ஒரே அடி. எனக்கு இத வாசிக்கக்குள்ள இருந்த சந்தோசம் சொல்ல ஏலாது, இவ்வளவு பெரிய கணக்குக்கு நடுவுல ஒரு மனிசன் பேய் எண்டு எழுதியிரிக்கான்.

ஒரு யோசனை, ஏன் இங்கிலிஷ்லயே நிக்கணும்? போர்டுல "கொத்தி நைட்" எண்டோ "முனி நைட்" எண்டோ நம்மட பேர வெச்சா வாறவங்களுக்கும் புதுசா இருக்குமே?

படுவான்கரையான்:

மகன், அது வேணாம். கொத்தி எண்டுறது பிள்ளைப்பேறோட சேர்த்து நம்புற விசயம், பிள்ளை பெத்து வீட்டுல படுத்திருக்கிற பொம்புளைக்கு அந்தப் பேரக் கேட்டாலே இப்பவும் நடுங்கும், வேப்பிலையும் இரும்பும் தலைமாட்டுல வெச்சுக் காக்கிற ஆக்கள் இரிக்காங்க. முனி எண்டா சில இடத்துல காவலுக்கு நிக்கிறது, பொங்கல் வெச்சு மடை போடுற தெய்வம். இங்கிலிஷ் ஸ்பூக் சின்னப் பிள்ளைட பேய், அதோட பூசணிக்காய் வெச்சு விளையாடலாம். நம்மட இதுகள் இன்னும் வேலையில இருக்கிற ஆக்கள் மாதிரி, சாப்பாட்டு விளம்பரத்துக்கு எடுக்கக் கூடாது. கண்ட கண்ட இடத்துல வெளியூரான் நம்மளப் பாத்து மட்டக்களப்பான் மந்திரம் செஞ்சு பாயோட ஒட்டிப்போடுவான் எண்டு சொல்லிக்கிட்டுத் திரியிற காணும், நாமளும் அத போர்டுல எழுதி விக்கத் தேவல்ல.

வந்தாறுமூலை கெம்பஸ்:

விளங்குது அண்ணன். அந்த யோசனைய விடுங்க தம்பி.

கல்முனை டீச்சர்:

இப்பதான் பேப்பர் முடிச்சு வந்த. ராத்தா எழுதினது முழுக்கச் சரி, நானும் வகுப்புல இனி அந்த அர்த்தத்த மறைக்காமச் சொல்லிக் குடுக்கத்தான் போறன், டிக்‌ஷனரில ஒரு சின்ன எழுத்துல போட்டுட்டுப் போற விசயம் இல்ல அது. தம்பிக்கு என்ட முடிவு: "ஸ்பூக்கி நைட்" அல்லது நேரா "ஹலோவீன் நைட்". ரெண்டும் எல்லா வயசு ஆக்களுக்கும் சரி.

இன்னொண்டும் இரிக்கி. ஹலோவீன் எண்டுறது சகல புனிதர் திருநாளுக்கு முந்தின ராவு, அதுக்குப் பொறகு நவம்பர் 2 சகல ஆத்துமாக்கள் திருநாள். மட்டக்களப்புல கத்தோலிக்க ஆக்கள் அண்டைக்கு சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி தங்கட செத்த சொந்தங்களுக்காக வேண்டிக்கிற. அப்ப 31ம் திகதி போட்ட எலும்புக்கூடு படம், கல்லறை மாதிரி செஞ்ச மட்டை எல்லாத்தையும் அடுத்த நாள் வெள்ளணவே கழட்டிருங்க. ரோட்டால போற ஆக்கள் பாக்கக்கூடாது.

உல்லைத்தம்பி:

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு விவரம் வரும் எண்டு நினைக்கல்ல. ராத்தா எழுதினத முதலாளிக்கும் அந்தப் பொடியனுக்கும் அப்படியே வாசிச்சுக் காட்டின, பொடியன் ஒண்டும் கதைக்காம பொம்மைய தானே கழட்டிக்கிட்டுப் போய்ட்டான். போர்டுல "ஸ்பூக்கி நைட்" எண்டு போட்டு மூணு பூசணிக்காய் மட்டும் கீறுறம். கழட்டுற வேலையையும் 1ம் திகதி காலைக்கு எழுதி வெச்சிட்டன்.

டீச்சர், கடைசியா ஒண்டு. லாகுகலைக்கும் குமணைக்கும் ஜீப்புல போற ஆக்களுக்குக் குடுக்க ஒரு சின்னத் துண்டு அடிக்கப் போறம், யானைய வெருட்டாதீங்க எண்டு இங்கிலிஷ்ல எழுத "டோன்ட் ஸ்பூக் த எலிஃபன்ட்ஸ்" சரியா, இல்ல அதுலயும் பிரச்சினை வருமா?

கல்முனை டீச்சர்:

அது சரி, ஒரு பிரச்சினையும் இல்ல, மிருகத்துக்கு வினையா வாறது எல்லாரும் அறிஞ்ச பாவனை. ஆனா அந்த ஒரு வரியோட விடாதீங்க, என்ன செஞ்சா யானை வெருளும் எண்டதையும் எழுதுங்க: ஹோர்ன் அடிக்கிற, ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கிற, கத்துற, குட்டி நிக்கிற கூட்டத்துக்குக் கிட்ட ஜீப்ப விடுற. வாசிக்கிறவருக்கு வெருட்டாத எண்டதவிட இதுகள்தான் உதவும். எழுதிட்டு எனக்கு ஒருக்கா அனுப்புங்க, பார்த்துத் தாறன்.